மூன்றாவது ப்ளக்

"என் வண்டி ஞாயித்துக்கெழம எங்கயும் போவல. போவவும் முடியாது. நீயே காதால கேட்டுக்கோம்மா," என்று சொல்லிவிட்டுத் தருமலிங்கம் சாவியைத் திருப்பினார்.

பழைய வெள்ளை அம்பாசிடர் இரண்டு தடவை முனகிவிட்டு உயிர் பிடித்தது. பிடித்த உயிரை நிம்மதியாக வைத்துக்கொள்ள அதற்குத் தெரியவில்லை. பானெட் நடுங்கியது, ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன, எஞ்சின் நடுநடுவே ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு நொண்டியது. இறால் கூடைகளும் ஐஸ் பெட்டிகளும் அடுக்கியிருந்த அந்த ஷெட் முழுக்கப் பெட்ரோல் நெடி பரவியது.

கோமளா ஷெட் வாசலில் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. இந்த வண்டி நிஜமாகவே நொண்டி என்றால் தன் கையில் இருந்த ஒரே தடயமும் போய்விடும் என்பது மட்டும் தெரியும்.

நேற்று சாயங்காலம் வலை நூல் வாங்கிவரப் போன அவள் புருஷன் சுபாஷ் வீடு திரும்பவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு காயவைக்கிற ஜெபசெல்விதான் பார்த்தவள். ஏரிக்கரை ரோட்டில் தருமலிங்கத்தின் வெள்ளை அம்பாசிடர் போனது, பின் சீட்டில் சுபாஷ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான், எதிர்வெயிலில் ஓட்டியவர் முகம் தெரியவில்லை என்றாள்.

தருமலிங்கத்தின் காரில் சுபாஷ் ஏறுவதற்கு இந்த உலகத்தில் ஒரு நல்ல காரணமும் கிடையாது. தருமலிங்கத்தின் தம்பி பிரகாஷ் போதையில் வேனை ஏற்றி, பசியாவரம் தீவின் நண்டுக்காரி எல்லம்மாவைக் கொன்ற வழக்கு நாளைக்குப் பொன்னேரி கோர்ட்டில் வருகிறது. அதைக் கண்ணால் பார்த்த சாட்சி சுபாஷ். வேறு இரண்டு பேரும் பார்த்தார்கள். தருமலிங்கம் போய்ப் பேசிவிட்டு வந்த பிறகு அவர்களுக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. சுபாஷுக்கு மட்டும் குறையவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் கடலுக்குப் போயிருப்பான், வந்துவிடுவான் என்றார்கள். படகு கரையில் கிடக்கிறது என்று கோமளா சொன்னாள். அப்படியானால் நீந்திப் போயிருப்பான் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சிரித்தார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய்த் துப்பறியும் மாலதியின் கதவைத் தட்டினாள்.

மாலதி, அடிபட்ட வண்டிகளைச் சோதித்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவள். நாற்பது வயதுக்கு மேல் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். அவளுடைய உதவியாளர் பெருமாள், ரிட்டயரான ஏட்டு. வேலையில் இருந்த காலத்தில் மேலதிகாரிகளிடம் பேச முடியாமல் அடக்கி வைத்ததையெல்லாம் இப்போது பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளா இப்படி மிஸ்ஸிங் அடிக்குது சார்?" என்றாள் மாலதி.

"ஒரு மாசமா இத்த எடுக்கவே இல்ல, இன்னிக்குக் காலைல போட்டுப் பார்த்தாதான் இப்படி. புது வண்டி எடுத்துட்டேன். இத்த யாரும் தொடறதில்ல."

"எங்க மாமனாரும் இப்படித்தான் சார் இருமுவாரு," என்றார் பெருமாள். "இன்னிக்கோ நாளைக்கோனு நெனப்போம். எவன் வூட்லயாவது பிரியாணினா மொத பந்தில அவர்தான் குந்திக்கினு இருப்பாரு."

தருமலிங்கம் சிரிக்கவில்லை. டிரைவர் சீட்டை விட்டு இறங்கவும் இல்லை. "நல்லா பாருங்க. குப்பம் பூரா என்னையத்தான் கை காட்டுது. அவன் எங்க போனான்னு எனக்கும் தெரிஞ்சாவணும்."

"நேத்து சாயங்காலம் இங்க யார் இருந்தாங்க?"

"நானு, தம்பி, டிரைவர் ஜேம்ஸு, மூணு பேரும் மெட்ராஸ்ல. பார்ட்டி ஒருத்தர் வூட்டுக் கல்யாணம். வர்றதுக்கு ராத்திரி ஆயிடுச்சு. வூட்ல யாரும் இல்ல."

"இந்த வண்டிய யார் யார் ஓட்டுவீங்க?"

"அதே மூணு பேர்தான்."

அவர் மனைவி வசந்தா ஒரு தட்டில் மோர் டம்ளர்களோடு வந்து நின்றாள். தருமலிங்கம் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். கோமளாவிடம் தட்டை நீட்டியபோது வசந்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குடிக்கத் தோன்றாமல் கோமளா தலையை ஆட்டினாள். புருஷனைத் தொலைத்த வீட்டில் மோர் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலதி பானெட்டை முழுக்கத் தூக்கி நிறுத்தினாள். டிரைவர் சீட்டில் இருந்த தருமலிங்கத்துக்கு இனி வெள்ளைத் தகரம்தான் தெரியும்.

"பெருமாளண்ணா, ஒவ்வொரு ப்ளக் வயரா புடுங்கி மாட்டுங்க."

"ஓடற எஞ்சின்லயா? கரண்ட் அடிச்சா என் பென்ஷன் யாருக்குப் போவும்னு யோசிச்சீங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் காய்ந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார்.

முதல் வயரை உருவினார். எஞ்சின் தடுமாறி நின்றுவிடப் பார்த்தது. திரும்ப மாட்டியதும் பழையபடி நொண்டியது. இரண்டாவதற்கும் அப்படித்தான். நான்காவதற்கும் அப்படித்தான். மூன்றாவதை உருவியபோது ஒரு மாறுதலும் இல்லை.

"இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு," என்றார் பெருமாள். "எங்க ஸ்டேஷன்ல ஒரு ரைட்டர் இருந்தாரு மேடம், அச்சு அசல் இதே மாதிரி."

"ஆஃப் பண்ணுங்க சார்."

எஞ்சின் அடங்கியதும் ஷெட்டில் ஈக்களின் சத்தம் கேட்டது. மாலதி மூன்றாவது ப்ளக்கைக் கழற்றினாள். பெட்ரோலில் நனைந்திருந்தது. துண்டால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முனையில் இருந்த பீங்கான் பிஸ்கட் நிறத்தில் சுத்தமாக இருந்தது. அவள் அதை அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கோமளாவுக்குப் புரியவில்லை. ஏதாவது சொல்லேன், நல்லதோ கெட்டதோ சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அடுத்து எஞ்சினின் பக்கவாட்டில் குனிந்து ஒரு கறுப்பு மூடியின் இரண்டு கிளிப்புகளைத் தட்டிக் கழற்றினாள். நாலு ப்ளக்குக்கும் கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி அது. உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே என்னவோ மின்னியது. ஒரு விரலால் அதைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

பெருமாள் வாயைத் திறந்தார். மாலதியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். காலையிலிருந்து அவர் வாய் மூடியதை கோமளா அப்போதுதான் பார்த்தாள்.

"இன்னா கெடச்சுது?" என்று சீட்டிலிருந்தே தருமலிங்கம் குரல் கொடுத்தார்.

"பார்த்துக்கிட்டே இருக்கேன் சார்." மாலதி மூடியைத் துண்டில் துடைத்து, பத்திரமாகத் திரும்ப மாட்டினாள். பிறகு, பேச்சுக்குக் கேட்பதைப் போல வசந்தா பக்கம் திரும்பினாள். "மோர் நல்லா இருக்குங்க. உங்க போர் தண்ணி எப்படி?"

"வாய்ல வைக்க முடியாது, உப்பு," என்றாள் வசந்தா. "குடிக்கறதுக்கு லாரித் தண்ணிதான். டிரம்ல புடிச்சு வெச்சுக்கறோம்."

"டிரம் நிறைய இருக்கா?"

வசந்தா காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கொஞ்சம் கொறைஞ்சிடுச்சு," என்றாள்.

மாலதி தலையாட்டிவிட்டு முன் சக்கரத்தருகே உட்கார்ந்து மட்கார்டின் உள்பக்கம் கைவிட்டாள். எழுந்து பேட்டரியைப் பார்த்தாள். பேட்டரியைப் பிடித்திருக்க வேண்டிய பட்டை துருப்பிடித்து ஒடிந்திருந்தது. அதற்குப் பதிலாகப் பச்சை நைலான் நூலைக் கொண்டு பேட்டரியை இறுக்கிக் கட்டியிருந்தது. தூசு படாத புது நூல்.

"கத்தி குடுங்கண்ணா. டெர்மினலைச் சுரண்டணும்."

அவள் டெர்மினலைச் சுரண்டவில்லை. நூலை முடிச்சோடு அறுத்துப் புடவை மடிப்புக்குள் செருகியதை கோமளா பார்த்தாள். வசந்தாவும் பார்த்தாள்.

பானெட் சத்தத்தோடு மூடியது. மாலதி கையைத் துடைத்துக்கொண்டு தருமலிங்கத்தின் ஜன்னலுக்கு வந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் சார். இக்னிஷன் காயில் வீக்காயிடுச்சு. மாசக்கணக்கான கோளாறு. இந்த வண்டி நேத்து உங்க கேட்டைக்கூடத் தாண்டியிருக்காது. ஜெபசெல்வி வேற ஏதோ வெள்ளை வண்டியப் பார்த்திருக்காங்க."

கோமளாவுக்குக் காது அடைத்தது. "அக்கா, இன்னா பேசற நீ?"

"பார்த்ததைச் சொல்றேன் கோமளா. சாட்சி சொல்ல பயந்துகிட்டு உன் புருஷன் ஆந்திரா பக்கம் போயிருக்கணும். தடா, சூலூர்பேட்டைனு அங்க எங்கயாவது தேடினா கிடைப்பார்."

"எம் புருஷன் பயந்தவன் இல்ல. பயந்தவனா இருந்தா மத்த ரெண்டு பேர் மாதிரி எப்பவோ வாய மூடியிருப்பான். உன்ன நம்பித்தான வந்தேன். நீயும் இவர்கிட்ட வாங்கிட்டியா? சொல்லு, வாங்கிட்டியா?" கேட்டுக்கொண்டே ஐஸ் தண்ணீர் தேங்கிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து கட்டி வைத்த அழுகை எல்லாம் அங்கே கொட்டியது. வசந்தா ஓர் அடி முன்னால் வந்து, அப்படியே நின்றுவிட்டாள்.

தருமலிங்கம் இறங்கி வந்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதோடு ஏதோ ஒரு குறையும் தெரிந்தது. "சூலூர்பேட்டைனா சொல்ற? அங்க அவனுக்கு யாரு இருக்காங்க?"

"விசாரிக்கணும் சார்."

"விசாரிச்சா எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லு. அவனும் நம்ம புள்ள மாதிரிதான். மனசு கேக்க மாட்டேன்து."

பெருமாள் கோமளாவைத் தூக்கி நிறுத்தி, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய் மாலதியின் சின்ன மாருதியில் ஏற்றினார். வேண்டாம் என்று அவள் கதவை உதைத்தாள். நடந்தே போகிறேன், உங்கள் வண்டியில் வரமாட்டேன் என்றாள். மாலதி எதையும் காதில் வாங்காமல் வண்டியை எடுத்தாள்.

குப்பத்து ரோட்டில் திரும்பியதும் பெருமாள் கண்ணாடியைப் பார்த்தார். "மேடம், நமக்கு பந்தோபஸ்து குடுத்திருக்காரு. பின்னாடி ஒரு பைக், ரெண்டு பேர். இத்தினி வருஷம் நான் எவ்ளோ பேருக்கு பந்தோபஸ்து போயிருக்கேன், எனக்கு இப்பதான் குடுத்து வெச்சிருக்கு."

"கோமளா, அழுகையை நிறுத்தாத," என்றாள் மாலதி, ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல். "பின்னாடி கண்ணாடில தெரியற மாதிரி அழு. அழுதுகிட்டே நான் சொல்றதைக் கேளு. உன் புருஷன் உயிரோட இருக்கார்னு நினைக்கிறேன்."

அழுகை தானாக நின்றுவிட்டது. பெருமாள் திரும்பி, "அழும்மா, நிறுத்தாத," என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை. கோமளா முந்தானையை வாயில் வைத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"அந்தக் கார் நேத்து ஓடியிருக்கு. மாசக்கணக்கா எரியாத ப்ளக்னா கரி ஏறிக் கறுத்திருக்கணும். அது சுத்தமா இருந்துச்சு. நேத்து வரைக்கும் ஒழுங்கா எரிஞ்ச ப்ளக் அது. மட்கார்டுக்குள்ள ஏரிச் சேறு இன்னும் காயல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"வரேன். ப்ளக் நல்லாருக்கு, பெட்ரோல் வருது, ஆனா எரியல. ஏன்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள தண்ணி. மூணாவது ப்ளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் அந்த ஈரத்துல வேற பக்கம் ஓடிடுது. ஏரிக்கரை ரோட்டுல தண்ணி ஏறி நிக்குது, அது தெறிச்சிருக்கும்னுதான் நானும் நினைச்சேன். நாக்குல வெச்சேன். உப்பே இல்ல. நல்ல தண்ணி."

கோமளா முந்தானையை எடுத்தாள்.

"கார் தெரிஞ்ச எவனும் எஞ்சின் மேல குடம் குடமா தண்ணி ஊத்த மாட்டான்," என்றாள் மாலதி. "அதுவும் லாரில வர்ற குடிதண்ணிய. உங்க ஊர்ல எஞ்சினுக்கு யார் நல்ல தண்ணி ஊத்துவாங்க?"

"நாங்க ஊத்துவோம்," என்றாள் கோமளா மெல்ல. "படகு எஞ்சினுக்கு. கடலுக்குப் போயிட்டு வந்தா நல்ல தண்ணி வுட்டுக் கழுவணும். இல்லாங்காட்டி உப்பு தின்னுடும். அடுத்தவங்க படக எரவல் வாங்கினா, குடிக்க வெச்ச தண்ணி ஆனாலும் ஊத்திக் கழுவித்தான் திருப்பி வுடுவோம்." அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "அப்போ அவர்தான் கழுவியிருக்காரு. அவருக்கு அந்தப் பழக்கம்தான். எம் புருஷன்தான் கழுவியிருக்காரு."

மாலதி மடிப்பிலிருந்து பச்சை நூலை எடுத்து, கியர் பக்கமாகக் கீழே நீட்டினாள். "பேட்டரிய இதால கட்டியிருந்தது. பார்த்துச் சொல்லு."

கோமளா நூலை மடியில் வைத்துக்கொண்டு விரல்களால் தடவினாள். அவன் வாங்கப் போன அதே நூல், அதே பருமன். அவன் அந்தக் காருக்குள் இருந்திருக்கிறான். முடிச்சைத் திருப்பினாள். இன்னொரு தரம் திருப்பினாள். வருஷக்கணக்காக ஒரே வலையின் இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்து முடைந்தவர்கள். இருட்டில் தொட்டால்கூட அவன் முடிச்சு அவளுக்குத் தெரியும்.

"இது அவர் போட்டது இல்லக்கா."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கு உறைத்தது. அவன் வாங்கிய நூல் இன்னொருவர் கையில் இருந்திருக்கிறது. அந்த நூலால் பேட்டரியை மட்டும்தான் கட்டினார்களா என்று நினைத்தாள். அதற்கு மேல் அவளை யாரும் அழச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கோமளா, அந்த முடிச்சைப் பார்த்துச் சொல்லு," என்றாள் மாலதி அழுத்தமாக. "அவர் போட்டதில்லைனா, அது எந்த மாதிரி முடிச்சு?"

கண்ணீர் மறைத்தது. கோமளா விரலாலேயே பார்த்தாள். "ரெண்டு சுத்து சுத்தியிருக்கு. எங்க குப்பத்துல ஒரு சுத்துதான். நண்டு இழுத்தா வழுக்கும்னு பசியாவரத்துலதான் ரெண்டு சுத்து போடுவாங்க."

"அந்த வீட்டுல பசியாவரத்துக்காரங்க யாராவது இருக்காங்களா?"

கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் பைக்கின் ஹாரன் கேட்டது. கோமளா நூலிலிருந்து முகத்தைத் தூக்கினாள்.

"வசந்தாக்கா," என்றாள். "செத்துப்போன எல்லம்மாவும் அவங்களும் ஒரே தெரு."

"வண்டி ஓட்டுவாங்களா?"

"ஓட்டுவாங்க. மொதலாளி வியாபாரம் ஆரம்பிச்சப்போ ஐஸ் பொட்டி ஏத்திக்கினு பொன்னேரிக்கு இத்தான் ஓட்டிக்கினு போவாங்க. காசு வந்ததும் வூட்ல குந்த வெச்சிட்டாரு."

"வூட்ல யாரும் இல்லன்னாரு," என்றார் பெருமாள். "பக்கத்துலயே மோர் தட்டோட நிக்குது அந்தம்மா. ஓட்டறவங்க மூணு பேருன்னாரு. எந்தக் கணக்குலயும் அந்தம்மா இல்ல. எங்க டிபார்ட்மெண்ட்ல என்னைய வெச்சிருந்த மாதிரியே வெச்சிருக்காரு."

"அதனாலதான் அவங்களால முடிஞ்சது," என்றாள் மாலதி. "அவர் சந்தேகப்படற ஆள்ல மனைவி கிடையாது. சுபாஷை முடிக்கப் பேசினது அவங்க காதுல விழுந்திருக்கணும். மூணு பேரும் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து, அவரை வண்டில ஏத்தி, வழியில ஆடின பேட்டரிய அவர் நூலாலயே கட்டி, துறையில விட்டு, பிறந்த ஊருக்குப் படகு ஏத்தியிருக்காங்க. திரும்பி வந்ததும், உப்புத் தண்ணி பட்ட எஞ்சினாச்சேனு கை பழக்கத்துல நல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டாங்க. அங்கதான் தப்பு பண்ணிட்டாங்க. கழுவாம விட்டிருந்தா மிஸ்ஸிங்கே வந்திருக்காது, எனக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"அத்த ஏன் எங்கிட்ட அங்கயே சொல்லல? எம் உசுரே போயிடுச்சு."

"அவன் எங்க போனான்னு எனக்கும் தெரிஞ்சாவணும்னு தருமலிங்கம் சொன்னப்பவே எனக்குச் சுருக்குனு பட்டுச்சு. கொன்னு போட்டவன் அப்படிக் கேக்க மாட்டான். அவரும் தேடறார். நான் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தா, அடுத்த நிமிஷம் அந்தம்மா மாட்டியிருப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள ஆளுங்க பசியாவரத்துக்குப் போயிருப்பாங்க. நீ தரையில விழுந்து அழுததைப் பார்த்துத்தான் அவர் என்னை நம்பினார்."

வலது பக்கம் ஏரி தெரிந்தது. தூரத்தில் தீவு ஒரு பச்சைக் கோடாகக் கிடந்தது. படகுத்துறைக்குப் பிரியும் ரோடு வந்ததும் கோமளா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இங்க திருப்புக்கா. ஒரே ஒரு தபா பார்த்துட்டு வந்துடறேன்."

மாலதி திருப்பவில்லை. "நீ துறைக்குப் போனா பைக்கும் துறைக்கு வரும். நீ படகு ஏறினா அவங்களும் ஏறுவாங்க."

"அப்போ தெரியும்னு சொல்லு. நினைக்கிறேன், நினைக்கிறேன்ற. உசுரோட கீறாருனு அடிச்சு சொல்லேன்."

மாலதி கியரை மாற்றினாள். "எனக்குத் தெரியாது கோமளா. கையில இருக்கறது நாலு சொட்டுத் தண்ணியும் ஒரு முடிச்சும்தான். நான் தப்பாவும் நினைச்சிருக்கலாம். நாளைக்குக் கோர்ட்டுல பேர் சொல்லிக் கூப்பிடும்போதுதான் தெரியும். அதுவரைக்கும் நீ வீட்டுல உட்கார்ந்து அழணும்."

தீவு ஜன்னலில் பின்னால் நகர்ந்து போனது. இப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்ததற்குப் பதில் கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று கோமளாவுக்குத் தோன்றியது.

பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஜெபசெல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொன்னாள். யாரோ காப்பி போட்டார்கள். வாசலுக்கு எதிரே, வலை குவிந்த மணலில் அந்தப் பைக் நின்றது. இரண்டு பேரும் அதன் மேலேயே உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள். கோமளா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நடிக்கச் சொன்னார்கள். அவளுக்கு அழுகைகூட வற்றிப்போயிருந்தது. தண்ணீர் யார் வேண்டுமானாலும் ஊற்றியிருக்கலாம். பசியாவரத்தில் முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கணக்குப் போடப் போட ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது.

வாசலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. பெண்கள் வழிவிட்டார்கள். டிரைவர் ஜேம்ஸ் கதவைத் திறந்து விட, வசந்தா இறங்கி வந்தாள்.

"மொதலாளி அனுப்பிச்சாரு," என்று பொதுவாகச் சொன்னாள். "பாவம், ஒரு எட்டு பார்த்துட்டு வா, ஆள் எதுனா தகவல் சொல்லி அனுப்பினானானு கேட்டுக்கினு வானு."

ஜெபசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோமளா எழுந்திருக்கவில்லை. வசந்தா அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, இழவு வீட்டில் செய்வதைப் போல இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டாள். தலையோடு தலை சேர்த்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிறபடி ஒப்பாரி எடுத்தாள். சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே கோமளாவின் காதுக்குள் அவள் உதடு அசைந்தது. "உன் புருஷன் என் தம்பி வூட்ல கீறான். நல்லா கீறான். காலைல எல்லம்மா கேஸ் வக்கீல் ஆளுங்களோட வேற துறை வழியா வருவான். உன் துப்பறியற அம்மாவுக்குச் சொல்லியனுப்பிட்டேன்."

கோமளாவுக்கு நம்பலாமா என்று தெரியவில்லை. இந்த வீட்டுக்கு அனுப்பியவர் தருமலிங்கம். ஆசை காட்டித் தன் வாயைக் கிளற வந்தவளாகவும் இருக்கலாம். 

வசந்தா இன்னொரு அடி ஒப்பாரி வைத்தாள். அதை முடித்துவிட்டு மறுபடி காதுக்கு வந்தாள். "நீ நம்ப மாட்டேனு சொன்னான். அந்தக் கறுப்புப் பூனை வாசல்ல கத்திக்கினு கெடக்கும், மீன் தலை போட்டியானு கேக்கச் சொன்னான். போட்டிருக்க மாட்டா, அவளுக்கு அத்தக் கண்டாலே ஆவாதுனு சிரிச்சான்."

கோமளாவின் கை தானாக எழுந்து வசந்தாவின் முதுகைப் பிடித்தது. உயிர் பிழைக்க ஓடி ஒளிந்திருக்கிற இடத்திலிருந்து பூனைக்கு மீன் தலை கேட்கிற மனுஷன் இந்த ஏரியைச் சுற்றி ஒருத்தன்தான் இருப்பான்.

"அக்கா, நாளைக்குக் கோர்ட்டு முடிஞ்சா அந்த வூட்ல நீ..." என்று முணுமுணுத்தாள்.

"அத்த நாளைக்குப் பார்த்துக்கலாம். இப்ப அழு. ரெண்டு பேரும் உள்ள எட்டிப் பார்க்கறானுங்க."

"அந்தச் சனியனுக்கு இன்னும் ஒண்ணும் போடலக்கா," என்று கோமளா ஒப்பாரி ராகத்திலேயே இழுத்தாள். பிறகு வசந்தாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குப்பமே அதிரும்படி அழுதாள். வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, இழவு வீட்டுக்கு மரியாதை காட்டுகிறவனைப் போல எழுந்து நின்றான்.